ஒரே நீளம், வேறு வேறு படகு: வெஸ்ட்செயில் 32, கான்டெஸ்ஸா 32

போன வருடம் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடமிருந்து போன் வந்தது. கூடப் பிறந்த அண்ணன் இல்லை. சவுத்தாம்ப்டனில் எனக்குப் படகோட்டச் சொல்லிக் கொடுத்தவர், அந்த உரிமையில் அண்ணன். தூத்துக்குடிக்காரர். இங்கே வந்து முப்பது வருடம் ஆகிறது. "தம்பி, ரெண்டு படகு பாத்து வச்சிருக்கேன். ரெண்டும் 32 அடி, ரெண்டும் பழசு, விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நீ அந்தக் கணக்கெல்லாம் போடுவியே, போட்டுச் சொல்லு. எது வாங்கலாம்?"

ஓய்வு பெறும்போது வந்த பணத்தில் ஒரு பங்கு இதற்கென்று ஒதுக்கியிருந்தார். அண்ணியும் கூட வருவதாக முடிவாகியிருந்தது. அதாவது இது பொழுதுபோக்குக் கேள்வி கிடையாது. தப்பாகச் சொன்னால் ஒரு குடும்பத்தின் பணமும் ஒரு ஆளின் கனவும் சேர்ந்து சேற்றில் நிற்கும்.

நானும் வழக்கம்போல ஒரு அட்டவணை போட்டு, இரண்டு நாளில் அனுப்பிவிட்டேன். அது தப்பான அட்டவணை. எண்கள் எல்லாம் சரி, எடுத்த முடிவு தப்பு. ஏன் தப்பு என்று யோசித்ததுதான் இந்தக் குறிப்பு. படகு வாங்கப் போகிறவர்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர் இருப்பீர்கள் தெரியாது. ஆனால் பழைய பொருள் ஒன்றை அதன் பெயரை வைத்து வாங்கியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள்.

முதலில் இரண்டு படகுகள்

வெஸ்ட்செயில் 32 அமெரிக்கப் படகு. கலிஃபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் 1971ஆம் ஆண்டு தொடங்கி சுமார் பத்து வருடம் கட்டினார்கள், 800க்கும் மேல். முன்னும் பின்னும் ஒரே மாதிரி கூர்மையாக, நம்ம ஊர் வள்ளம் மாதிரி இரண்டு முனையும் குவிந்திருக்கும். உடம்பு பருத்தது. அடியில் நீளம் முழுக்க ஓடும் கீல், அதன் பின்விளிம்பிலேயே சுக்கான். இதன் பூர்வீகம் நார்வே. போலார் பயணி நான்சனுக்கு 'ஃப்ராம்' கப்பலைக் கட்டிக்கொடுத்த காலின் ஆர்ச்சர், புயலில் மாட்டிய மீனவர்களைக் காப்பாற்றுவதற்காக வடிவமைத்த மீட்புப் படகுகளின் வாரிசு. அந்த வடிவத்தை 1920களில் அமெரிக்க வடிவமைப்பாளர் வில்லியம் அட்கின் சின்னதாக்கி 'எரிக்' என்று ஒரு வரைபடம் போட்டார். வெஸ்ட்செயில் அந்தக் குடும்பத்தில் பிறந்தது, ஃபைபர்கிளாஸில்.

அதே எரிக் வரைபடத்தில் பம்பாயில் தேக்கு மரத்தில் ஒரு படகு கட்டினார்கள். 'சுஹைலி' என்று பெயர். 1968 ஜூன் 14ஆம் தேதி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதில் இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து தனி ஆளாகக் கிளம்பி, எங்கேயும் நிற்காமல் உலகைச் சுற்றி, 312 நாள் கழித்து 1969 ஏப்ரல் 22ஆம் தேதி அதே ஊருக்குத் திரும்பினார். உலகத்தில் முதல் தடவை. அந்தப் போட்டியில் கிளம்பியவர்கள் 9 பேர், முடித்தவர் அவர் ஒருத்தர்தான். வெஸ்ட்செயில் விற்கிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லாமல் விடவே மாட்டார்கள்.

கான்டெஸ்ஸா 32 ஆங்கிலேயப் படகு. சவுத்தாம்ப்டனிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் லிமிங்டனில், டேவிட் சாட்லர் வரைந்து ஜெரமி ராஜர்ஸ் கட்டியது. 1970களின் தொடக்கத்தில் ஆரம்பித்து 700க்கும் மேல் வந்திருக்கின்றன. ஒல்லியான உடம்பு, தாழ்ந்த பக்கங்கள், அடியில் குட்டையான துடுப்பு மாதிரி கீல், சுக்கானுக்கு முன்னால் அதைத் தாங்க ஸ்கெக் என்று ஒரு சின்ன முட்டு. காற்றை எதிர்த்து ஓடுவதில் கெட்டிக்காரி. விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகலாம், சனிக்கிழமை பந்தயத்திலும் ஓடலாம் என்ற எண்ணத்தில் பிறந்தது.

இதற்கும் ஒரு கதை உண்டு. 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தின் நடுவில் புயல் அடித்தது. 303 படகுகள் கிளம்பின, 85 தான் முடித்தன. பந்தயத்தில் ஓடியவர்களில் 15 பேர் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகள் இருந்த வகுப்பில் ஒரே ஒரு படகுதான் கடைசிவரை ஓடி முடித்தது. 'அசென்ட்' என்ற கான்டெஸ்ஸா 32. இங்கே கான்டெஸ்ஸா விற்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விட மாட்டார்கள்.

'32 அடி' என்ற எண்

அண்ணன் சொன்ன முதல் வாக்கியத்திலேயே பிரச்சினை இருந்தது. இரண்டும் 32 அடி. உண்மைதான், முன்முனையிலிருந்து பின்முனைவரை டேப் பிடித்தால் இரண்டும் 32 வரும். மற்ற எதுவும் ஒத்துவராது.

வெஸ்ட்செயிலின் எடை 19,500 பவுண்டு, கிட்டத்தட்ட 8,850 கிலோ. கான்டெஸ்ஸா 9,500 பவுண்டு, 4,300 கிலோ. பாதிக்கும் குறைவு! அகலம் 11 அடிக்கு எதிராக 9½ அடி. தண்ணீரைத் தொடும் நீளம் 27½ அடிக்கு எதிராக 24 அடி. ஆழம் மட்டும் தலைகீழ்: வெஸ்ட்செயிலுக்கு 5 அடி தண்ணீர் போதும், கான்டெஸ்ஸாவுக்கு 5½ அடி வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கை. வெஸ்ட்செயிலுக்கு முன்னால் பௌஸ்பிரிட் என்று ஒரு நீட்டுக்கட்டை, பின்னால் பூம்கின் என்று இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 40 அடி. படகுத்துறைக்காரர் வாடகை போடும்போது டேப்பை அந்த நுனியிலிருந்து இந்த நுனிவரைதான் பிடிப்பார். வாங்கும்போது 32 அடி, வாடகை கட்டும்போது 40 அடி.

அண்ணனுடைய அப்பா தூத்துக்குடியில் தோணியில் இருந்தவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர். இதை அண்ணனிடம் சொன்னபோது அவரே சிரித்தார். "எங்கய்யா இருந்தா நீளத்தக் கேட்டிருக்கவே மாட்டாரு. எத்தன டன்னு ஏத்தும்னுதான் கேப்பாரு." தோணிக்காரர்கள் அளவு சொல்வது டன்னில். அதுதான் சரியான கேள்வி.

அதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இரண்டு பேர் அட்லாண்டிக்கைத் தாண்டப் போகிறார்கள். குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், 40 நாளுக்கு இருப்பு வைத்தால் 320 கிலோ தண்ணீர். சாப்பாட்டுச் சாமான் 150. டீசல் 150. நங்கூரம், சங்கிலி 150. கருவி, உதிரி பாகம் 150. உயிர்காப்பு மிதவையும் சின்னப் படகும் 100. பேட்டரி, சோலார், தானியங்கிச் சுக்கான் 130. துணிமணி, புத்தகம் 100. ஆட்கள் 150. மொத்தம் 1,400 கிலோ. இது வெஸ்ட்செயிலின் எடையில் 16 சதவீதம். கொஞ்சம் அமுங்கும், அவ்வளவுதான். கான்டெஸ்ஸாவின் எடையில் 32 சதவீதத்துக்கும் மேல். ஒல்லிக்காலி முதுகில் மூட்டை ஏற்றிய கதை. எந்த வேகத்துக்காகவும் சுறுசுறுப்புக்காகவும் அதை வாங்கினோமோ அதில் பெரும்பகுதி போய்விடும்.

இதைப் பார்த்துத்தான் என் அட்டவணையில் வெஸ்ட்செயிலுக்கு மேல் டிக் அடித்தேன். மற்ற வரிசைகளும் அதையே சொன்னன. அந்த மற்ற வரிசைகளில்தான் ஏமாந்தேன்.

கவிழ்தல் சூத்திரத்தின் விசித்திரம்

ஃபாஸ்ட்நெட் விபத்துக்குப் பிறகு அமெரிக்காவில் ஒரு எளிய சூத்திரம் வந்தது. படகின் எடையை (பவுண்டில்) 64ஆல் வகுத்து, அதற்குக் கன மூலம் கண்டு, படகின் அகலத்தை (அடியில்) அதனால் வகுக்க வேண்டும். விடை 2க்குக் கீழே இருந்தால் திறந்த கடலுக்குப் பரவாயில்லை, மேலே இருந்தால் யோசிக்க வேண்டும். பழைய படகு ஒப்பீடு எதை எடுத்தாலும் இந்த எண் இருக்கும். குறைவாக இருந்தால் நல்லது என்று வாசிப்பார்கள். நானும் அப்படித்தான் வாசித்தேன். வெஸ்ட்செயில் 1.63, கான்டெஸ்ஸா 1.79. ஆக வெஸ்ட்செயில் பாதுகாப்பானது. சரியா?

இந்தச் சூத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று திரும்பப் பாருங்கள். அகலமும் எடையும் மட்டும். எடை படகுக்குள் எங்கே இருக்கிறது என்பது இல்லவே இல்லை. ஈயம் கீலின் அடியில் இருந்தாலும் பாய்மர உச்சியில் கட்டித் தொங்கவிட்டாலும் ஒரே விடைதான் வரும். அதோடு, எடை கூடக்கூட எண் குறையும். மேலே சொன்ன 1,400 கிலோவை கான்டெஸ்ஸாவில் ஏற்றிவிட்டுத் திரும்பக் கணக்குப் போட்டேன். 1.63 வந்தது. வெஸ்ட்செயிலின் அதே எண்! அந்தச் சாமானை எல்லாம் மேல்தளத்தில் குவித்து வைத்திருந்தாலும் 1.63 தான். ஒரு படகை அளவுக்கு மீறி ஏற்றினால் அது 'பாதுகாப்பாக' ஆகிவிடுகிறது என்று சொல்கிற எண்ணை வைத்து இரண்டு படகுகளைத் தரவரிசைப்படுத்தக் கூடாது. 2 என்ற கோட்டுக்கு மேலே இருக்கும் அகலமான, லேசான பந்தயப் படகுகளைக் கழிக்க அது உதவும். அதற்காகத்தான் அதை உண்டாக்கினார்கள். கோட்டுக்குக் கீழே வந்துவிட்ட இரண்டு பேரில் யார் மேல் என்று அதனிடம் கேட்பது நம் தப்பு.

உண்மையில் பார்க்க வேண்டியது, எத்தனை பாகை சாய்ந்தாலும் படகு தானாக நிமிரும் என்பது. ஃபாஸ்ட்நெட் விசாரணையில் கான்டெஸ்ஸா 32ஐ அப்படிக் கணக்கிட்டார்கள். சுமார் 155 பாகை. கிட்டத்தட்ட தலைகீழாகப் போனாலும் திரும்பி வரும். அதோடு ஒப்பிட்ட பந்தயப் படகுக்கு 120க்கும் குறைவு. என் அட்டவணையில் 'பின்தங்கிய' கான்டெஸ்ஸாவின் உண்மையான பலமே இதுதான், அதற்கு அட்டவணையில் வரிசையே இல்லை.

இன்னொரு எண்ணும் போட்டிருந்தேன். அலையில் எவ்வளவு நிதானமாக ஆடும் என்பதற்கான 'சொகுசு விகிதம்'. வெஸ்ட்செயில் 42, கான்டெஸ்ஸா 27. பெரிய வித்தியாசம். இதை உண்டாக்கிய டெட் பிரூவர் நல்ல படகு வடிவமைப்பாளர். பாதி விளையாட்டாகத்தான் அதை உண்டாக்கியதாக அவரே எழுதியிருக்கிறார். அவர் விளையாட்டாகச் சொன்னதை நாம் தசம புள்ளியோடு எழுதிக்கொண்டிருக்கிறோம். கனமான படகு மெதுவாக ஆடும் என்பது உண்மை. அதற்கு விகிதம் வேண்டாம், இரண்டிலும் ஏறி ஒரு நாள் நின்றால் வயிறே சொல்லும்.

கதைகள் எதை நிரூபிக்கின்றன

எண்களை நம்பாதவர்கள் கதைகளை நம்புகிறார்கள். அதையும் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம்.

வெஸ்ட்செயிலின் பெரிய கதை 'சட்டோரி'. 1991இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வந்த, பிறகு 'பெர்ஃபெக்ட் ஸ்டார்ம்' என்று பெயர் பெற்ற புயலில் அது மாட்டியது. உள்ளே மூன்று பேர். உதவி கேட்டுத் தகவல் போனது, கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரில் எல்லோரையும் எடுத்துவிட்டது. படகை அப்படியே விட்டார்கள். ஆளில்லாமல் மிதந்து போன சட்டோரி பிறகு மேரிலாந்து கடற்கரையில் முழு உடம்போடு ஒதுங்கிக் கிடந்தது. படகுக்கு ஆபத்தே இல்லை, நான் இறங்கியிருக்கவே மாட்டேன் என்றார் அதன் தலைவர். உடன் இருந்தவர்கள் பார்வை வேறு.

விற்கிறவர்கள் இதைச் சொல்லிவிட்டு, "பாத்தீங்களா, படகு எவ்வளவு உறுதி" என்பார்கள். உறுதிதான். ஆனால் எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. படகு தாங்கியது, உள்ளே இருந்தவர்களில் எல்லோராலும் தாங்க முடியவில்லை. ஃபாஸ்ட்நெட்டிலும் இதேதான். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள். அவற்றில் மூழ்கியவை 5 தான். மீதியெல்லாம் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. முதலில் தோற்பது பெரும்பாலும் மனித உடம்பும் மனமும். ஆக, "எந்தப் படகு புயலைத் தாங்கும்" என்ற கேள்விக்கு முன்னால் "எந்தப் படகில் நாம் தாங்குவோம்" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அசென்ட் கதையும் அப்படியே. ஒரு கான்டெஸ்ஸா முடித்தது என்பது அந்தக் கான்டெஸ்ஸாவைப் பற்றியும் அதை ஓட்டியவர்களைப் பற்றியும் சொல்கிறது. மற்ற 700ஐப் பற்றி அது சொல்வது குறைவு. பந்தயத்தை விட்டுத் துறைக்குத் திரும்பியவர்களில் பலர் செய்தது புத்திசாலித்தனம், தோல்வி இல்லை.

சுஹைலி? அதன் கதையை முழுசாகப் படித்தவர்களுக்குத் தெரியும், கிளம்பிக் கொஞ்ச நாளிலேயே அடிப்பலகை இணைப்பில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் அட்லாண்டிக்கின் நடுவில் தண்ணீருக்குள் மூழ்கி மூழ்கிப் பஞ்சு திணித்து, மேலே தகடு அடித்து அடைத்தார். அந்த வெற்றியில் வரைபடத்துக்கு எத்தனை பங்கு, கையில் சுத்தியலோடு தண்ணீருக்குள் போன ஆளுக்கு எத்தனை பங்கு?

அதே எரிக் வரைபடத்தில் கோவாவில் இன்னொரு படகு கட்டினார்கள், 'துரியா'. இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி 2018இல் அதில் கோல்டன் குளோப் போட்டிக்குப் போனார். செப்டம்பர் 21ஆம் தேதி தென் இந்தியப் பெருங்கடலில் புயல் அதைப் புரட்டிப்போட்டது. பாய்மரம் முறிந்தது, அவருக்கு முதுகெலும்பில் அடி, அசைய முடியவில்லை. மூன்று நாள் கழித்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து தூக்கியது. அதே பாரம்பரிய வடிவம், அதே கனம், நல்ல தலைவர். அலை அதையெல்லாம் பார்க்கவில்லை. அவர் 2022 போட்டியில் ரஸ்ட்லர் 36 என்ற வேறு வகைப் படகில் போய் இரண்டாவதாக வந்தார்.

இதற்குப் பின்னால் ஒரு எளிய விஷயம் இருக்கிறது. ஃபாஸ்ட்நெட்டுக்குப் பிறகு சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மாதிரிப் படகுகளைத் தொட்டியில் வைத்து, பக்கவாட்டில் உடையும் அலையை மோதவிட்டுப் பார்த்தார்கள். அலையின் உயரம் படகு நீளத்தில் 30 சதவீதம் இருந்தாலே சில மாதிரிகள் கவிழ்ந்தன. 60 சதவீதம் இருந்தால் சோதித்த எல்லாமே கவிழ்ந்தன. 32 அடிப் படகுக்கு அது சுமார் 10 அடியும் 19 அடியும். 19 அடி அலை பக்கத்தில் உடைந்தால் வெஸ்ட்செயிலா கான்டெஸ்ஸாவா என்பது முக்கியமில்லை. அங்கே போகாமல் இருப்பதும், போனால் பக்கத்தைக் காட்டாமல் இருப்பதும்தான் முக்கியம்.

நேரில் போனபோது

என் அட்டவணையை நம்பி அண்ணன் வெஸ்ட்செயிலுக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பிவிட்டார். அண்ணிதான் நிறுத்தினார். "பாக்காம எப்பிடிக் குடுக்கது? சேல எடுக்கக்கூட நாலு கட நடக்கோம்." அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். மூன்று பேரும் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

வெஸ்ட்செயில் ஒரு ஆற்றங்கரை யார்டில் முட்டுக்கொடுத்துத் தரையில் நின்றது. பார்த்ததும் எனக்கே மனசு விழுந்துவிட்டது. அவ்வளவு அழகு. உள்ளே இறங்கினால் வீடு. அண்ணன் நிமிர்ந்து நின்றார், தலை இடிக்கவில்லை. அடுப்படி, புத்தக அலமாரி, எல்லாம் தேக்கு.

அந்தத் தேக்கை யார் செய்தது என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. வெஸ்ட்செயில்களில் ஏராளமானவை முழுப் படகாக விற்கப்படவில்லை. வெறும் உடம்பை வாங்கி, மீதியை வாங்கியவரே வீட்டு முற்றத்தில் கட்டி முடித்தார். இதுவும் அப்படி ஒன்று. முதல் உரிமையாளர் நல்ல தச்சர், ஆனால் எலக்ட்ரீஷியன் இல்லை. சுவிட்ச் பலகையைத் திறந்தால் ஒரே நிறத்தில் முப்பது ஒயர், எதற்கும் பெயர் இல்லை. அப்படியானால் 'வெஸ்ட்செயில் 32' என்பது ஒரு படகின் பெயரே இல்லை. ஒரே ஓட்டுக்குள் எத்தனையோ பேர் கட்டிய வேறு வேறு படகுகள். நான் அட்டவணையில் எழுதியது ஓட்டைப் பற்றி. அண்ணன் காசு கொடுக்கப்போவது உள்ளே இருப்பதற்கும் சேர்த்து.

பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் எஃகு வடங்கள் படகின் உடம்பில் மாட்டும் இடத்தில் செயின்பிளேட் என்று தகடுகள் இருக்கும். இதில் அவை வெளிப்பக்கம் போல்ட் போட்டு இருக்கும். பார்க்க வசதி, அது இந்தப் படகின் நல்ல குணம். பார்த்தால் இரண்டில் துரு வடிந்த கோடு. ஸ்டெயின்லெஸ் எஃகு வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே காற்றுப் படாத இடுக்கில் உள்ளுக்குள் அரிக்கும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் தாமதமாகிவிட்டிருக்கும். சர்வேயர் பௌஸ்பிரிட் கட்டையின் அடியில் ஊசியை வைத்து அழுத்தினார். வெண்ணெயில் போவது மாதிரி ஒரு அங்குலம் உள்ளே போனது. முன்பக்க வடம் முழுக்க அந்தக் கட்டையை நம்பித்தான் நிற்கிறது. எஃகு வடங்கள் எப்போது மாற்றினது என்று கேட்டோம். பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியவை அவை. விற்பவருக்கு ஞாபகம் இல்லை. சட்டோரி கதை மட்டும் முழுசாக ஞாபகம் இருந்தது.

கான்டெஸ்ஸா தண்ணீரிலேயே நின்றது. பார்க்க அப்படி ஒன்றும் இல்லை. உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி ஒடுக்கம், அண்ணன் இரண்டு தடவை இடித்துக்கொண்டார். வைத்திருந்தவர் ஒரு கோப்பை எடுத்து மேசையில் போட்டார். நான்கு வருடத்துக்கு முன் வடங்கள் மாற்றிய ரசீது. புது இன்ஜின் ரசீது. ஒவ்வொரு குளிர்காலமும் தரையேற்றிய கணக்கு. ஒருமுறை தரை தட்டியது, ஸ்கெக்கின் அடியில் பழுது பார்த்தது, போட்டோவோடு. சர்வேயர் தளத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். கைப்பிடிக் கம்பிகள் இரண்டின் அடியில் சத்தம் மந்தமாக வந்தது. தளத்தின் நடுவில் இருக்கும் மரத்தில் ஈரம் இறங்கியிருக்கிறது. பழுது உண்டு. ஆனால் எது, எங்கே, எவ்வளவு என்று தெரிந்த பழுது.

அண்ணி ஒன்றும் பேசாமல் பாய் இழுக்கும் கயிறு, வின்ச் எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சுக்கான் கட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "தம்பி, நீங்க ரெண்டு பேரும் கிறுகிறுத்துப் படுத்துட்டீங்கன்னு வச்சிக்கோங்க. நான் ஒத்தையில எதக் கர சேப்பேன்?" அந்தக் கேள்விக்கும் என் அட்டவணையில் வரிசை இல்லை.

முடிவு

சர்வேயரின் பட்டியலுக்கு விலை போட்டுப் பார்த்தோம். வெஸ்ட்செயிலைக் கடலுக்குத் தயார் செய்ய, கேட்ட விலையில் பாதிக்கும் மேல் செலவு. அதைவிடப் பெரிய செலவு நேரம், இரண்டு கோடைகாலம் யார்டிலேயே போகும். அண்ணனுக்கு வயது 61.

பிறகு அவர் எங்கே போகப்போகிறார் என்று உட்கார்ந்து எழுதினோம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. வருடத்தில் மூன்று மாதம். பிரிட்டனி, அப்புறம் ஸ்பெயினின் வடமேற்கு. உலகைச் சுற்றுவது "என்னைக்காவது". ஆங்கிலக் கால்வாயில் அவர் போகவேண்டிய திசை தென்மேற்கு, காற்று அதிகம் வருவதும் தென்மேற்கிலிருந்து. அதாவது பாதி நாள் காற்றை எதிர்த்தே ஓட வேண்டும். அதில் கான்டெஸ்ஸாவுக்கு நிகர் கிடையாது. 40 நாள் தண்ணீரும் வேண்டாம், பத்து நாளுக்கு ஒருமுறை துறை வரும். 1,400 கிலோ கணக்கு அவர் போகாத பயணத்துக்கு நான் போட்ட கணக்கு.

கான்டெஸ்ஸாதான் வாங்கினார்கள். இதனால் வெஸ்ட்செயில் மட்டமான படகு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலையை விட்டுவிட்டு, படகையே வீடாக்கி, மூன்று வருடம் பசிஃபிக் தீவுகளில் சுற்றப்போகும் முப்பது வயதுத் தம்பதி, கையில் தச்சுவேலை இருந்தால், ரசீது வைத்திருக்கும் ஒரு நல்ல வெஸ்ட்செயிலை விட்டு கான்டெஸ்ஸா பக்கம் போகவே கூடாது. ரசீதும் வடங்களும் மாறி இருந்திருந்தால் அண்ணனுக்கே இது இவ்வளவு சுலபமான முடிவாக இருந்திருக்காது.

வடிவமைப்பை ஒப்பிடுவது வீண் என்று நான் சொல்லவில்லை. பட்டியலை இருபதிலிருந்து மூன்றாக்க அது வேண்டும். ஆனால் ஐம்பது வயதான படகில், வடிவமைப்பாளர் கொடுத்ததைவிடக் கடைசி மூன்று உரிமையாளர்கள் செய்ததும் செய்யாமல் விட்டதும்தான் அதிகம். ஒப்பீட்டு எண்கள் முதலாவதை மட்டும் அளக்கின்றன. கதைகளும் முதலாவதை மட்டுமே புகழ்கின்றன. இரண்டாவதைப் பார்க்க ஒரு ஊசியும் ஒரு சுத்தியலும் ஒரு சனிக்கிழமையும் போதும்.

போன செப்டம்பரில் பிரிட்டனியிலிருந்து அண்ணி ஒரு வீடியோ அனுப்பினார். நல்ல காற்று, படகு சாய்ந்து ஓடுகிறது, தண்ணீர் தளத்தின் மேலேயே ஏறி வருகிறது. தாழ்ந்த பக்கம், அப்படித்தான் வரும். சுக்கானில் அண்ணி. அண்ணன் உள்ளே ஒடுங்கிப் படுத்திருக்கிறார், முகம் பச்சை. சொகுசு விகிதம் 27 என்று நான் சொன்னது அதுவாகத்தான் இருக்கும்.